பிள்ளை என்ன சொல்லுகிறது?

பச்சிளம் குழந்தையையும் பெற்றோரையும் புரிந்துகொள்ள ஒரு பாடம்



பிரசவ வார்டில் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் காலையில் நாங்கள் அடிக்கடி கேட்கிற ஒரு முறையீடு உண்டு. "சிஸ்டர், என் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கலை. நான் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குது. எங்க அம்மா தூக்கினா மட்டும் அழுகையை நிறுத்துது."

சொல்லுகிறவள் பெரும்பாலும் முதல் பிள்ளை பெற்றவளாக இருப்பாள். தையல் வலி, இரவெல்லாம் தூக்கமில்லை, மார்பில் பால் கட்டிக்கொண்டிருக்கிறது. கண்களில் நீர் தளும்ப அவள் இதைச் சொல்லும்போது சுற்றி நிற்கிறவர்கள் சிரித்துவிடுகிறார்கள். "பச்சமண்ணுக்கு என்னம்மா தெரியும்? பாலைக் கொடு, தூங்கட்டும்" என்று அன்போடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் அது அவளுக்குப் பதில் அல்ல. தன் பிள்ளை தன்னை வேண்டாம் என்கிறது என்று அவள் நினைக்கிறாள். அந்த நினைவோடு வீட்டிற்குப் போனால், அதே நினைவோடுதான் பிள்ளையைத் தூக்குவாள், பால் கொடுப்பாள், இரவில் விழித்திருப்பாள்.

குழந்தை முகத்தைத் திருப்பியதற்கு உண்மையில் என்ன பொருள்? அதை யார் அவளுக்குச் சொல்ல வேண்டும்? எப்படிச் சொல்ல வேண்டும்? இந்த இதழின் பாடத்தில் இதைக் குறித்துச் சற்று விரிவாகக் கவனிப்போம். மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய காரியம் அல்ல இது. குழந்தை பிறந்த வீட்டிற்கு நாம் எல்லாருமே போகிறோம் அல்லவா?

1. பிறந்த குழந்தைக்கு என்ன தெரியும்?

பிறந்த குழந்தைக்குக் கண் தெரியாது, காது சரியாகக் கேட்காது, பசியும் தூக்கமும் தவிர வேறொன்றும் அதற்கு இல்லை என்று நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். படித்த மருத்துவர்களில் பலரும் அப்படியே எண்ணினார்கள். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்ட சில எளிய ஆய்வுகள் இந்த எண்ணத்தை மாற்றின.

முதலாவது, கண். 1963-ஆம் ஆண்டில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர், பிறந்து ஐந்து நாளைத் தாண்டாத குழந்தைகளுக்குச் சில வட்டங்களைக் காட்டினார். வெறும் வண்ணம் பூசிய வட்டங்களைவிட, முகம் வரைந்த வட்டத்தையே குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. பிறந்த குழந்தைக்குப் பார்வை உண்டு; ஆனால் தூரத்திலுள்ளது மங்கலாகத் தெரியும். ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளதே ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தாயின் முகத்திற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். அதே அளவுதான்.

இரண்டாவது, மூக்கு. 1975-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், தாய்மார் மார்பில் வைத்திருந்த பால் நனைந்த துணிகளைக் குழந்தையின் இருபுறமும் வைத்தார்கள். ஒன்று சொந்தத் தாயினுடையது, மற்றது வேறொரு தாயினுடையது. பிறந்து சில நாட்களே ஆன பிள்ளைகள் தங்கள் தாயின் துணி இருந்த பக்கமாகவே அதிகமாகத் திரும்பின.

மூன்றாவது, காது. 1980-இல் அமெரிக்காவில் அந்தோணி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்னும் இருவர், பிறந்து மூன்று நாள் நிறையாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பை வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும்; வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தாயின் குரல் வரும்படியாகவே தாங்கள் சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டன.

அந்தக் குரல் அவர்களுக்குப் புதியதல்ல. கருப்பையில் கடைசி மாதங்களில் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்த குரல் அது. அவள் கிணற்றடியில் பேசியது, சபையில் பாடியது, மூத்த பிள்ளையைத் திட்டியது, எல்லாம் அதன் காதில் விழுந்திருக்கிறது. ஆகவே "பச்சமண்ணுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால், பதில் இதுதான்: தாயைத் தெரியும். பிறக்கும்போதே ஓரளவு தெரிந்துகொண்டுதான் வருகிறது.

2. ஒரு மருத்துவர் செய்து காட்டியது

தெரிந்த இந்தக் காரியங்களைத் தாயின் படுக்கையருகே கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் பெரி பிரேசல்டன். 1918-இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்த இவர், பாஸ்டன் நகரில் குழந்தை மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றி, 2018-இல் தமது 99-ஆம் வயதில் காலமானார். 1973-இல் இவரும் உடன் பணியாளர்களும், பிறந்த குழந்தையின் நடத்தையைக் கவனித்து அளவிடும் ஒரு முறையை வெளியிட்டார்கள். குழந்தையின் எடை, நாடித்துடிப்பு, அனிச்சைச் செயல்கள் ஆகியவற்றோடு, அது எப்படித் தூங்குகிறது, எப்படி விழிக்கிறது, எதைப் பார்க்கிறது, எதனால் கலங்குகிறது, எதனால் தேறுகிறது என்பவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கருத்து.

அவர் வழக்கமாகச் செய்து காட்டிய ஒன்று உண்டு. விழித்திருக்கும் குழந்தையைத் தம் கைகளில் ஏந்திக்கொள்வார். ஒரு பக்கம் தாம் பேசுவார். மறுபக்கத்தில் தாயைப் பேசச் சொல்லுவார். குழந்தை மெதுவாகத் தாயின் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பும். தகப்பனை வைத்தும் அப்படியே செய்வார். எத்தனை புத்தகம் படித்தும் வராத நிச்சயம் அந்தப் பெற்றோருக்கு அந்த ஒரு நிமிடத்தில் வந்துவிடும்.

அவருடன் பணியாற்றிய கெவின் நியூஜென்ட் என்பவரும் அவருடைய தோழர்களும் 2007-இல் இதை இன்னும் எளிதாக்கினார்கள். பிறந்தது முதல் மூன்று மாதம் வரையுள்ள குழந்தையிடம், பெற்றோரை அருகில் வைத்துக்கொண்டு, 18 காரியங்களைச் சேர்ந்து கவனிக்கும் முறை அது. அதில் மதிப்பெண் கிடையாது. தேர்வு, தோல்வி என்பதும் கிடையாது. குழந்தையைப் பற்றிப் பெற்றோருக்குப் போதிப்பதைவிட, குழந்தையே தன்னைக் காட்டும்படி விட்டு, பெற்றோருடன் உட்கார்ந்து அதைப் பார்ப்பதே அதன் நோக்கம்.

3. குழந்தையின் ஆறு நிலைகள்

குழந்தையைக் கவனிக்க ஆரம்பிக்கிறவர்கள் முதலாவது கற்றுக்கொள்ள வேண்டியது ஆறு நிலைகளை. எந்த நேரமும் குழந்தை இந்த ஆறில் ஒன்றில் இருக்கும்.

(1) ஆழ்ந்த உறக்கம். மூச்சு சீராக இருக்கும். முகத்தில் அசைவு இராது. கதவு அடித்துக்கொண்டாலும் ஒரு முறை திடுக்கிட்டுவிட்டு மறுபடி உறங்கும். இந்த நேரத்தில் எழுப்பிப் பால் கொடுக்க முயன்றால் குடிக்காது.

(2) இலேசான உறக்கம். மூடிய இமைக்குள் விழி உருளும். உதடு சப்பும், சிரிக்கும், முகம் சுளிக்கும், சிணுங்கும். நம் பாட்டிமார் "கனவில் நரி விரட்டுது" என்று சொல்லுவது இந்த நிலையைத்தான்! பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறையப் பாதி இப்படிப்பட்டது. இது தெரியாத தாய், சிணுங்கியவுடன் வாரியெடுத்து, தானாகவே உறங்கியிருக்கக்கூடிய பிள்ளையை எழுப்பிவிடுகிறாள். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் பல முறை மறுபடியும் உறங்கிவிடும்.

(3) அரைத்தூக்கம். கண் திறக்கும், சொருகும். உறங்கப் போகிறதா விழிக்கப் போகிறதா என்று அதற்கே இன்னும் முடிவாகவில்லை. மெதுவாகப் பேசினால் விழிப்புக்கு வரும். அசையாமல் விட்டுவிட்டால் உறங்கிப்போகும்.

(4) அமைதியான விழிப்பு. கை கால் ஆடாது. கண் பளிச்சென்றிருக்கும். முகத்தைப் பார்க்கும், மெதுவாக அசைந்தால் கண்ணால் தொடரும், குரலுக்குத் திரும்பும். முதல் வாரங்களில் இந்த நிலை சிறிது சிறிது நேரமே நீடிக்கும். பிறந்தவுடன் வருகிற முதல் மணி நேரத்தில் பல குழந்தைகள் இந்த நிலையில் இருப்பதுண்டு. அதனால்தான் அந்த நேரத்தில் பிள்ளையைத் தாயின் மார்பின்மேல் போட்டு, முதற்பாலைக் கொடுக்கச் சொல்லுகிறோம்.

(5) பரபரப்பான விழிப்பு. கை கால் உதைக்கும், முனகும், தலையை அங்குமிங்கும் ஆட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். பசி என்றால் பால் கொடுக்க இதுவே நல்ல நேரம். அழுகை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பசிக்கு அழுகை கடைசி அடையாளம்.

(6) அழுகை. இதைத் தனியே கவனிப்போம்.

உறங்கும் குழந்தைக்கு இன்னொரு திறமையும் உண்டு. உறங்குகிற பிள்ளையின் மூடிய கண்மேல் டார்ச் விளக்கை ஒரு கணம் காட்டினால் உடம்பு முழுவதும் திடுக்கிடும். சற்றுவிட்டு மறுபடி காட்டினால் அசைவு குறையும். இன்னும் சில முறை காட்டினால் பல குழந்தைகள் அதைக் கண்டுகொள்ளாமல் உறங்கும். தேவையற்ற தொந்தரவைத் தள்ளிவிட்டுத் தன் உறக்கத்தைக் காத்துக்கொள்ள அதற்குத் தெரியும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் திறமை பெரும்பாலும் குறைவாக இருக்கும். ஒவ்வொரு சத்தமும், ஒவ்வொரு வெளிச்சமும் அவர்களைத் தொடும். எனவேதான் அப்படிப்பட்ட குழந்தைகள் இருக்கும் அறையில் மெதுவாகப் பேசும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

4. "போதும்" என்று சொல்லும் அடையாளங்கள்

இப்பொழுது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். பிள்ளை ஏன் முகத்தைத் திருப்பியது?

பச்சிளம் குழந்தைக்கு ஒரு முகத்தைப் பார்ப்பது பெரிய உழைப்பு. அதற்கு மூச்சையும், கை கால் அசைவையும், விழிப்பையும் ஒருசேரக் கட்டுப்படுத்த வேண்டும். சில நொடிகள், சில வேளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அது களைத்துவிடுகிறது. களைத்தவுடன் முகத்தைத் திருப்புகிறது. கொட்டாவி விடுகிறது, தும்முகிறது, விக்கல் எடுக்கிறது, விரல்களை விரிக்கிறது, முதுகை வளைக்கிறது. தோலின் நிறம்கூடச் சிறிது மாறக்கூடும். "போதும், கொஞ்சம் ஓய்வு தா" என்பதே இதன் பொருள். "நீ வேண்டாம்" என்பதல்ல.

தாய் பேசாமல், ஆட்டாமல், அப்படியே வைத்துக்கொண்டு சற்றுக் காத்திருந்தால், பிள்ளை தானாகவே திரும்பிப் பார்க்கும். பலவேளை இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. முகத்தைத் திருப்பியவுடன் தாய் பயந்து இன்னும் அருகில் போகிறாள், விரலைச் சொடுக்குகிறாள், கிலுகிலுப்பையை ஆட்டுகிறாள். பிள்ளை இன்னும் திருப்பிக்கொள்ளுகிறது. கடைசியில் அழுகிறது. அந்த நேரம் அனுபவமுள்ள பாட்டி வந்து, ஒன்றும் பேசாமல் தோளில் சாய்த்துக்கொள்ளுகிறாள். பிள்ளை அடங்கிவிடுகிறது. "எங்க அம்மா தூக்கினா மட்டும் நிறுத்துது" என்ற வருத்தத்தின் காரணம் இதுதான். பாட்டி கொடுத்தது ஓய்வு. அதைத் தாயும் கொடுக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தானாகவே அடங்கிவிடும் விக்கலும் தும்மலும் பயப்படத்தக்கவை அல்ல. ஆனால் பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், வேகமான அல்லது சிரமப்பட்ட மூச்சு, உதடு நீலமாதல், காய்ச்சல், உடம்பு சில்லிடுதல், வலிப்பு ஆகியவை நோயின் அடையாளங்கள். அவற்றைக் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

5. அழுகை

டாக்டர் பிரேசல்டன் 1962-இல் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டு தினமும் குறித்துவைக்கச் செய்தார். இரண்டாம் வாரத்தில் ஒரு நாளில் நடுத்தரமாக ஒன்றே முக்கால் மணி நேரம் அழுகை இருந்தது. அது ஏறிக்கொண்டே போய் ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாயிற்று. பின்பு இறங்கி, மூன்றாம் மாதத்தில் ஒரு மணி நேர அளவுக்கு வந்தது. இவை நோயுள்ள குழந்தைகள் அல்ல, நல்ல சுகமுள்ள குழந்தைகள். மாலை நேரத்து அழுகையே அதிகம்.

இந்த ஒரு செய்தியை முன்கூட்டியே சொல்லியிருந்தால் எத்தனை தாய்மாரின் கண்ணீர் குறைந்திருக்கும்! மருத்துவமனையிலிருந்து வீட்டிற்குப் போனபின் அழுகை கூடுகிறது. "பால் பத்தவில்லை" என்கிறார் ஒருவர். "கண்ணு பட்டிருக்கு" என்கிறார் இன்னொருவர். தாய்ப்பால் போதுமானதாக இருக்கும்போதே புட்டிப்பால் தொடங்கிவிடுவது பல வீடுகளில் இந்த ஆறாம் வாரத்தை ஒட்டியே நடக்கிறது. குழந்தையின் எடை ஒழுங்காக ஏறுகிறதா, நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்று பார்த்தால் பால் போதுமா என்பது விளங்கும்.

"தூக்கித் தூக்கிக் கைப் பழக்கமாக்கிவிடாதே" என்று நாம் சொல்லுவதுண்டு. 1986-இல் கனடாவில் செய்த ஆய்வில், ஒரு சாரார் தங்கள் குழந்தைகளை மற்றவர்களைவிட அதிக நேரம் தூக்கி வைத்திருந்தார்கள், அழுதபோது மட்டுமல்ல, அழாதபோதும். ஆறாம் வாரத்தில் அந்தக் குழந்தைகளின் அழுகை மற்றக் குழந்தைகளின் அழுகையைவிட 43 சதவிகிதம் குறைவாயிருந்தது. முதல் மாதங்களில் தூக்குவதால் பிள்ளை கெட்டுவிடுவதில்லை. ஆயினும், ஏற்கெனவே மிகுதியாக அழுதுகொண்டிருந்த குழந்தைகளிடம் பின்பு செய்த ஆய்வில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. எவ்வளவு தூக்கினாலும் அழுகிற பிள்ளைகள் உண்டு; அது தாயின் குறை அல்ல.

அழும் பிள்ளையைத் தேற்றப் படிப்படியாகப் போகலாம். முதலில் குரல் மட்டும். அது போதாவிட்டால் மார்பின்மேல் ஒரு கையை வைத்து அசையாமல் இருங்கள். அதுவும் போதாவிட்டால் இரு கைகளையும் மெதுவாக நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். பின்பு தூக்குங்கள், பின்பு ஆட்டுங்கள், பின்பு சப்பக் கொடுங்கள். எந்தப் படியில் அடங்குகிறது என்று பார்த்தால் அந்தப் பிள்ளையின் சுபாவம் தெரியவரும். சில பிள்ளைகள் தங்கள் கையைத் தாங்களே வாயில் வைத்துத் தேறிக்கொள்ளும். ஒருபோதும் குழந்தையைக் குலுக்கக் கூடாது. மூளையில் இரத்தம் கசிந்து உயிருக்கே மோசமாகும். பொறுமை எல்லை கடந்தால், பிள்ளையைப் பத்திரமான இடத்தில் படுக்கவைத்துவிட்டு, ஐந்து நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு வருவது குற்றமல்ல.

6. பிரிந்திருந்த தாயும் பிள்ளையும்

ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வரிசையாகக் கிடத்தி, மணி பார்த்துப் பாலுக்குக் கொண்டுவருவார்கள். 1972-இல் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள், 14 தாய்மாருக்கு முதல் மூன்று நாட்களில் தங்கள் பிள்ளைகளோடு 16 மணி நேரம் அதிகமாக இருக்க இடங்கொடுத்து, வழக்கப்படி இருந்த வேறு 14 தாய்மாரோடு ஒப்பிட்டார்கள். அதிக நேரம் பெற்றவர்கள் ஒரு மாதம் கழித்தும் பிள்ளையை அதிகமாக அணைத்தார்கள், முகம் பார்த்தார்கள். பிரித்துவைக்கும் வழக்கம் பல நாடுகளில் ஒழிய இது ஒரு காரணமாயிற்று.

ஆனால் இதிலிருந்து சிலர் "முதல் மணி நேரம் தவறினால் உறவு தவறியது" என்று முடிவு செய்தார்கள். பின்வந்த ஆய்வுகள் அப்படி ஒரு கண்டிப்பான காலக்கெடு இல்லை என்று காட்டின. சிசேரியன் ஆன தாய், இரத்தப்போக்கால் மயங்கிக் கிடந்த தாய், பிள்ளையை வேறு ஊர் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த தாய் ஆகியோரிடம் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: நீ எதையும் இழந்துவிடவில்லை. நாளைக்கும் அவன் உன் குரலுக்குத் திரும்புவான்.

குறைமாதக் குழந்தைகளின் காரியத்தில் இந்த உறவு உயிரையே காக்கிறது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில் 1978-இல் டாக்டர் எட்கர் ரே என்பவர், இன்குபேட்டர் போதாமல் ஒன்றில் பல குழந்தைகளை வைக்க நேர்ந்து, கிருமி பரவித் துன்புற்ற நிலையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்புகளுக்கு நடுவே, தோலோடு தோல் படும்படி நிமிர்த்திக் கட்டிவைக்கத் தொடங்கினார். இதுவே இன்று கங்காரு தாய்ப் பராமரிப்பு எனப்படுகிறது.

பல ஆண்டுகளாக, குழந்தையின் நிலை ஓரளவு தேறிய பின்பே இதைத் தொடங்குவது வழக்கமாயிருந்தது. பிறந்தவுடனே தொடங்கினால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் ஆராய்ந்து, 2021-இல் முடிவை வெளியிட்டது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த 3,211 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான முறையில் 28 நாளுக்குள் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் மரித்தார்கள்; பிறந்தவுடன் தாயின் அணைப்பில் வைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 12 பேர். இவ்வளவு நன்மை தெரிந்த பின்பும் மற்றக் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்காதிருப்பது தகாது என்று ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது. 2022-இல், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, கூடுமானவரை பிறந்தவுடனே இப்படி வைத்திருக்க வேண்டும் என்று அந்நிறுவனம் பரிந்துரைத்தது.

இதில் ஒரு சிறு காரியத்தைக் கவனியுங்கள். இதைச் செய்ய, தீவிர சிகிச்சை அறைக்குள் இன்குபேட்டருக்கு அருகே தாய்க்கு ஒரு கட்டில் வேண்டும். விலையுயர்ந்த கருவி வாங்க நாம் ஆவலாயிருக்கிறோம். தாய் படுக்க ஒரு கட்டிலும், அவளுக்கு வேளைக்குச் சோறும், அவள் சோர்ந்தபோது பிள்ளையைத் தோலோடு அணைத்து வைத்திருக்கத் தகப்பனுக்கோ பாட்டிக்கோ ஒரு நாற்காலியும் அதே அளவு அவசியமானவை.

7. தாயின் மனம்

உறவுக்கு இரு பக்கம் உண்டு. பிரேசல்டனோடு பணியாற்றிய எட்வர்ட் டிரோனிக் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார. சில மாதக் குழந்தையோடு தாய் சிரித்து விளையாடுவாள். பின்பு சில நிமிடங்கள் முகத்தில் எந்த அசைவுமின்றி, பேசாமல், பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை முதலில் சிரித்துக் கூப்பிடும். கையை நீட்டும். பதில் இல்லையென்றால் மறுபடியும் முயலும். கடைசியில் சோர்ந்து, முகத்தைத் திருப்பிச் சரிந்துவிடும்.

தாய்மாரைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அதே டிரோனிக் இன்னொன்றையும் காட்டினார்: நல்ல தாயும் சுகமான பிள்ளையும் விளையாடும்போதுகூட இருவர் மனமும் ஒத்துப்போகிற நேரம் பாதிக்கும் குறைவே. தவறுகிறார்கள், பின்பு சரிப்படுத்திக்கொள்ளுகிறார்கள். அந்தச் சரிப்படுத்தலில்தான் நம்பிக்கை வளருகிறது. தவறாத தாய் ஒருத்தியும் இல்லை.

ஆனால் தாயின் முகமே பல வாரங்கள் அசைவற்றுப் போவதும் உண்டு. பிரசவத்திற்குப்பின் முதல் நாட்களில் காரணமின்றி அழுகை வருவது சாதாரணம்; இரண்டு வாரத்திற்குள் அது நீங்கிவிடும். அதற்கு மேலும் துக்கம் நீடித்தால், பிள்ளை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், பிள்ளையின்மேல் ஒன்றும் தோன்றவில்லை என்றால், "நான் இல்லாமல் போனால் நல்லது" என்று பேசினால், அது மனச்சோர்வு நோய். அது சோம்பல் அல்ல, பாசக்குறைவு அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. ஜெபிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜெபித்துவிட்டு அவளைக் கைப்பிடித்து டாக்டரிடம் அழைத்து வாருங்கள் என்கிறோம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவதாகப் பேசுகிறவளை ஒரு கணமும் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்து வர வேண்டும். இந்நோயைக் கண்டுபிடிக்க 1987-இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் இன்று உலகமெங்கும் பயன்படுகின்றன. சிகிச்சை உண்டு, குணமும் உண்டு.

8. குழந்தை பிறந்த வீட்டிற்குப் போகும்போது

(அ) பிள்ளையைத் தாயின் கையிலேயே பாருங்கள். வாங்கிக்கொள்ள அவசரப்படாதீர்கள். பிள்ளை உறங்கினால் எழுப்பாதீர்கள். இருமல் சளி இருந்தால் போவதையே தள்ளிப்போடுங்கள்.

(ஆ) நிறத்தையும் எடையையும் பற்றிப் பேச வேண்டாம். "இதுவும் பெண்ணா?" என்ற கேள்வி நம்முடைய வாயிலிருந்து வரவே வேண்டாம். அந்தத் தாய் அதன்பின் பிள்ளையைப் பார்க்கும் பார்வையை அந்த ஒரு சொல் மாற்றிவிடும்.

(இ) நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். "நீ பேசினதும் பிள்ளை உறிஞ்சுவதை நிறுத்திக் கேட்டது, பார்த்தாயா?" "உன் குரலுக்கு எப்படித் திரும்புகிறாள்!" பத்துப் புத்திமதியைவிட இப்படிப்பட்ட ஒரு வாக்கியம் மேலானது.

(ஈ) தகப்பனை மறக்க வேண்டாம். தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு போகிறாள். தகப்பன் ஞாயிற்றுக்கிழமை வந்து, உறங்குகிற பிள்ளையை எட்டிப்பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறான். பிள்ளை அமைதியாக விழித்திருக்கும் நேரத்தில் அவன் கையில் கொடுங்கள். முகத்தருகே வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்.

(உ) பாட்டியை எதிரியாக்க வேண்டாம். தாலாட்டு, எண்ணெய் தேய்த்த கை, தோளில் சாய்க்கும் விதம் ஆகியவற்றை அறிந்தவர் அவரே. "உங்கள் மகளுக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள் அம்மா" என்று கேட்டால் மகிழ்ச்சியோடு செய்வார்.

(ஊ) கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டுமானால் சமைத்த உணவைக் கொண்டுபோங்கள். அந்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுங்கள். மூத்த பிள்ளையை இரண்டு மணி நேரம் கூட்டிக்கொண்டு போங்கள். தாய்க்கு அந்த இரண்டு மணி நேரம் பிள்ளையோடு கிடைக்கும்.

ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தாயிடம் திரும்புவோம். அவளிடம் ஒரு செவிலியர் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பிள்ளை பால் குடித்து, ஏப்பம் விட்டு, கண் விழித்திருக்கும் வேளைக்காகக் காத்திருக்க வேண்டும். தானே பிள்ளையை ஏந்திக்கொண்டு, தாயை ஒரு பக்கமாக உட்காரச் சொல்லி, "இப்போ கூப்பிடும்மா" என்று சொல்ல வேண்டும். அவள் வெட்கத்தோடு மெல்லக் கூப்பிடுவாள். சில நொடிகள் ஒன்றும் நடவாது. பின்பு விழி திரும்பும். அதன்பின் தலை திரும்பும். அதைக் கண்ட தாய்க்கு வேறு ஒருவரும் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. செவிலியர் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம்.

சிந்திக்கவும் கலந்து பேசவும்

1. நம் சபையில் சென்ற ஆறு மாதத்தில் குழந்தை பிறந்த வீடுகள் எவை? முதல் வாரத்திற்குப்பின் அங்கே போனவர்கள் யார்? அழுகை மிகுந்திருக்கும் ஆறாம் வாரத்தில் போனவர்கள் யார்?

2. "கைப் பழக்கமாகிவிடும்", "பால் பத்தவில்லை", "உனக்கு வளர்க்கத் தெரியவில்லை" ஆகிய சொற்களை நாம் எப்போதாவது சொல்லியிருக்கிறோமா? அதற்குப் பதிலாக என்ன சொல்லியிருக்கலாம்?

3. குறைமாதக் குழந்தையோடு மருத்துவமனையில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும் ஒரு தாய்க்கு எது குறைவாயிருக்கும்? அவளுடைய வீட்டில் எது குறைவாயிருக்கும்? அதில் நாம் செய்யக்கூடியது எது?

4. அடுத்த முறை ஒரு பச்சிளம் குழந்தையைக் காணும்போது, ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் கவனியுங்கள். ஆறு நிலைகளில் அது எதில் இருக்கிறது? கண்டதைத் தாயிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்.